படிவத்தில் நிரப்பியது எங்கே போயிற்று? மிட்ம்ப்ராக்ஸி: ஒரு மதிப்பீடு

எல்லாப் பயனர்களுக்கும் எல்லா நேரமும் வருகிற பிழையைப் பிடிப்பது பெரிய காரியமன்று. ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பலர் நிரப்பி அனுப்பியிருக்க, அவர்களுள் எவரோ சிலருடைய பதிவில் மட்டும் முகவரி இல்லை, கைபேசி எண் இல்லை, சில பதிவுகளில் பயனர் எண்ணைத் தவிர வேறெதுவுமே இல்லை என்று புகார் வரும்போதுதான் நிரலாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. பயனர் எல்லாவற்றையும் நிரப்பித்தான் அனுப்பினேன் என்று சத்தியம் செய்வார். அலுவலகத்தில் உட்கார்ந்து அதே படிவத்தை எத்தனை முறை நிரப்பினாலும் தரவுத்தளத்தில் ஒரு புள்ளி குறையாமல் ஏறிவிடும். முகப்பை எழுதியவர் சர்வரைக் கைகாட்ட, சர்வர் நிரலை எழுதியவர் நெட்வொர்க்கைக் கைகாட்ட, நெட்வொர்க்கைப் பார்ப்பவர் உலாவியைக் கைகாட்டுவார். இந்தச் சுற்றை முடித்துவைப்பதற்கு நான் பயன்படுத்திய கருவிகளுள் முதலிடம் மிட்ம்ப்ராக்ஸிக்குத்தான். ஆனால் இதே வகைப் பிழைகளில் ஒரு பிரிவை அது பார்க்கவிடாமல் மறைத்தும் விடும் என்பதால், பாராட்டோடு எச்சரிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

மிட்ம்ப்ராக்ஸி 2010-இல் ஆல்டோ கோர்டெசி தொடங்கிய திறமூலத் திட்டம். பைத்தானில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே நின்று, போகும் கோரிக்கையையும் வரும் பதிலையும் முழுதாகப் பிரித்துக் காட்டுவதும், தேவைப்பட்டால் நிறுத்திவைத்து மாற்றி அனுப்புவதும் அதன் வேலை. ஒரே நிறுவலில் மூன்று முகங்கள் வருகின்றன. டெர்மினலில் ஓடும் மிட்ம்ப்ராக்ஸி, உலாவியில் திறக்கும் மிட்ம்வெப், திரையே இல்லாமல் பின்னணியில் பதிவு செய்துகொண்டிருக்கும் மிட்ம்டம்ப் ஆகியவை அவை. தமிழ்த் தரவு புழங்கும் படிவங்களைப் பார்ப்பவர்கள் மிட்ம்வெப்பையே எடுத்துக்கொள்வது நல்லது. பல டெர்மினல்களில் தமிழின் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்று கண்ணை உறுத்தும்.

நிறுவுவது நிமிட வேலை, சான்றிதழ்தான் தலைவலி. மறையாக்கப்பட்டுப் போகும் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மிட்ம்ப்ராக்ஸி தானே உருவாக்கிக்கொள்ளும் சான்றிதழை உலாவி நம்ப வேண்டும். கருவி வழியாக இணைந்த நிலையில் அதற்கென்றே உள்ள பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பும் வழிமுறையும் கிடைக்கின்றன. ஐஃபோனில் அதை நிறுவியதோடு வேலை முடியாது. அமைப்புகளுக்குள் சென்று முழு நம்பிக்கை என்ற பொத்தானையும் தனியே இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 7-ஆம் பதிப்பிலிருந்து, பயனர் நிறுவும் சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. குரோமில் வேலை நடக்கும், தனிச் செயலிக்குள் இருக்கும் படிவத்துக்கு நடக்காது. இன்னொரு சிறிய பொறியும் உண்டு. சொந்தக் கணினியிலேயே ஓடும் செயலியைச் சோதிக்கையில், லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கான கோரிக்கைகளை உலாவிகள் ப்ராக்ஸி வழியாக அனுப்புவதில்லை. பட்டியல் காலியாகவே கிடக்க, கருவி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் இதை முழுமையாகப் பயன்படுத்திய நேர்வு ஒரு பயிற்சி நிறுவனத்தின் சேர்க்கைப் படிவம். சில மாணவர்களின் பதிவுகளில் உள்நுழைவு எண் மட்டும் இருக்கும், மற்ற புலங்கள் அனைத்தும் வெறுமை. புகார் அதிகம் வந்த கிளை அலுவலகக் கணினி ஒன்றில், உரிய அனுமதியோடு, உலாவியின் ப்ராக்ஸியாக மிட்ம்வெப்பை அமைத்து, வழக்கம்போல் வேலை பார்க்கச் சொன்னோம். கோரிக்கைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவியும். படங்களும் எழுத்துருக் கோப்புகளும் சேர்ந்து பட்டியல் நீண்டுவிடும். தேடல் கட்டத்தில் அலைக்குறியையும் எம் என்ற எழுத்தையும் இட்டுப் பக்கத்தில் போஸ்ட் (தரவை உடலில் வைத்து அனுப்பும் முறை) என்று தட்டினால் படிவம் அனுப்பப்பட்ட வரிகள் மட்டும் எஞ்சும். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பதில் எண் 200, அதாவது வெற்றி. இடையிடையே சில வரிகளில் 301, அதாவது வேறு முகவரிக்குப் போ என்ற பதில்.

அந்த 301 வரியைச் சொடுக்கிப் பார்த்தால் கோரிக்கையின் உடலில் பெயர், பிறந்த தேதி, முகவரி, மதிப்பெண் எல்லாமே பத்திரமாக இருந்தன. வடிகட்டியை எடுத்துவிட்டு அதற்கு அடுத்த வரியைப் பார்த்தபோதுதான் கதை புரிந்தது. அதே பாதை, அதே கணம், ஆனால் முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ சேர்ந்திருக்கிறது, முறை கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் முறை) என்று மாறியிருக்கிறது, உடல் காலி. நிறுவனத்தின் சர்வர்கள் இரண்டு, முன்னால் கோரிக்கைகளை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு லோட் பேலன்சர். அவ்விரண்டில் ஒன்றின் அமைப்புக் கோப்பில் தளத்தின் முகவரி மூன்று டபிள்யூ இல்லாமல் எழுதப்பட்டிருந்ததால், அந்தச் சர்வர் தயாரித்துக் கொடுத்த பக்கத்தில் மட்டும் படிவம் போய்ச் சேர வேண்டிய முகவரி அந்தப் பழைய வடிவில் அச்சாகியிருந்தது. லோட் பேலன்சர் அதைப் புதிய முகவரிக்கு 301 கொடுத்துத் திருப்பிவிட்டது. 301, 302 இரண்டுக்கும் உலாவி போஸ்ட்டை கெட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று 2022-இல் வெளிவந்த எச்டிடிபி விதிநூலான ஆர்எஃப்சி 9110 அனுமதிக்கிறது. பொதுப் பயன்பாட்டிலுள்ள உலாவிகள் அப்படித்தான் செய்கின்றன. முறையையும் உடலையும் மாற்றாமல் எடுத்துச் செல்ல 307 அல்லது 308 கொடுத்திருக்க வேண்டும். சர்வர் நிரலோ போஸ்ட், கெட் என்று பாகுபாடு பார்க்காமல் எது வந்தாலும் ஒரு பதிவைப் போட்டுவிடும் வகையில் எழுதப்பட்டிருந்தது. நிரலாளர்களின் சோதனைச் சூழலில் ஒரே சர்வர்தான் என்பதால் அங்கே இந்தப் பிழை ஒருபோதும் தலைகாட்டவில்லை.

உலாவியிலேயே இருக்கும் டெவலப்பர் கருவிகளில் இதைப் பார்க்க முடியாதா என்று கேட்பது நியாயம். பார்க்கலாம். பக்கம் மாறினாலும் பதிவுகளை அழிக்காதே என்ற தெரிவை முதலில் இயக்கி வைத்திருந்தால், குரோமின் நெட்வொர்க் பலகையே இந்த 301-ஐயும் அடுத்து வந்த கெட்டையும் காட்டியிருக்கும். பிழை உங்கள் கண்முன்னே, உங்கள் கணினியிலேயே வருமானால் மிட்ம்ப்ராக்ஸி தேவையே இல்லை, வீண் சுமை. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத பிழைக்காக இன்னொருவர் கணினியில் அந்தப் பலகையைத் திறந்தே வைத்திருக்கச் சொல்வது நடக்காத காரியம். அவர் ஒரு தாவலை மூடினால் அதன் பதிவுகளும் சேர்ந்து போய்விடும். மிட்ம்டம்ப்பைக் கோப்பில் எழுதச் சொல்லி ஓடவிட்டால் அது தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்; புகார் வந்த நேரத்தை வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாகத் திறந்து தேடலாம்.

கருவியின் இன்னொரு வலிமை, ஒரே உடலை மூல வடிவிலும் பிரித்த வடிவிலும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது. ஜாவாஸ்கிரிப்ட்டில் புலங்களைச் சரம்சரமாக ஒட்டி, குறியாக்கம் செய்யாமல் அனுப்பும் பழைய நிரல்கள் இன்னும் ஏராளமாக உலவுகின்றன. கடைப் பெயர் என்ற புலத்தில் ஒருவர் "முருகன் & சன்ஸ்" என்று எழுதினால், மூல வடிவில் அது முழுதாகத் தெரியும். படிவத் தரவில் & என்பது ஒரு புலத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும் குறி என்பதால், பிரித்த வடிவுக்கு மாற்றியதும் கடைப் பெயருக்கு நேராக "முருகன்" மட்டும் நிற்கும், கீழே "சன்ஸ்" என்ற பெயரில் மதிப்பில்லாத ஒரு புதுப் புலம் முளைத்திருக்கும். கைபேசி எண்ணின் முன்னால் +91 என்று இடுபவர்களுக்குக் கூட்டல் குறி இடைவெளியாகிவிடும், எண்ணைச் சரிபார்க்கும் நிரல் அதைத் தள்ளிவிடும். அந்தக் குறிகளை எழுதுபவர்களுக்கு மட்டும் வருவதால் இவ்வகைப் பிழை தற்செயலானதைப் போல் தோன்றும். சர்வர் பதிவேட்டில் பிரித்த பின் கிடைத்த புலங்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தால் ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் காரணம் தெரியாது. இரண்டு வடிவையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் படிவம் நிரப்புவோருக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருப்பதையும் இந்தக் கருவியில் கண்ணாரக் காணலாம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்தோ குறியோ) 3 பைட். வழக்கமான படிவக் குறியாக்கத்தில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்துகளாக விரியும். "திருநெல்வேலி" என்ற சொல்லில் 12 குறியீட்டுப் புள்ளிகள் உள்ளன; கம்பியில் போகும்போது அது 108 எழுத்துகள். அதே ஊரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 மட்டுமே. ஆகவே ஆங்கிலத்தில் சோதித்து எந்த வரம்பையும் தொடாத ஒரு படிவம், தமிழில் நீண்ட விண்ணப்பமோ கட்டுரையோ ஒட்டப்படும்போது வரம்பைத் தாண்டிவிடலாம். சர்வர் நிரல் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் சட்டகத்தின் படிவப் பகுப்பான் இயல்பாக 100 கிலோபைட்டுக்கு மேல் ஏற்காது. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் 1 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. இரண்டும் 413 என்ற பிழை எண்ணைத் திருப்பும். ஆனால் பின்னணியில் வரைவைச் சேமிக்கும் நிரல் அந்த எண்ணைப் பார்க்காமல் "சேமிக்கப்பட்டது" என்று காட்டிவிட்டால் பயனர் நம்பித்தானே இருப்பார்? பக்கத்தை மூடும் கணத்தில் பீக்கன் முறையில் அனுப்பப்படும் தரவுக்கு 64 கிலோபைட் அளவில் உலாவிகள் எல்லை வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் கோரிக்கை புறப்படவே புறப்படாது. மிட்ம்ப்ராக்ஸியின் பட்டியலில் அந்த நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை என்பதே அங்கே சாட்சி.

உலாவியை விட்டு எல்லாம் ஒழுங்காகப் புறப்பட்டிருக்கிறது என்று உறுதியானால் அடுத்த கேள்வி, செயலியின் வாசல்வரை வந்ததா என்பது. இதற்கு ரிவர்ஸ் முறை இருக்கிறது. லோட் பேலன்சருக்குப் பின்னால், செயலிக்கு நேர் முன்னால் மிட்ம்ப்ராக்ஸியை நிறுத்தினால் பயனர் எவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, சான்றிதழ்த் தொல்லையும் இல்லை. பதிவுத் தபாலுக்கு அனுப்பிய இடத்தில் ஓர் இரசீதும் சேர்ந்த இடத்தில் ஒரு கையெழுத்தும் இருப்பதுபோல, இரண்டு இடத்துப் பதிவும் கையில் இருந்தால் தொலைந்தது வழியிலா வீட்டுக்குள்ளா என்ற வாதம் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் தொலைகிற வகைகள் சுவையானவை. பிஎச்பி என்ற சர்வர் நிரல்மொழியில் ஒரு படிவத்தின் உள்ளீடுகளுக்கு இயல்பாக 1000 என்ற உச்சவரம்பு இருக்கிறது. நினைவகத்தில் ஒரே இடத்தில் மோதும்படி தேர்ந்தெடுத்த புலப் பெயர்களை அனுப்பி (ஹேஷ் மோதல்) சர்வர்களை முடக்கும் தாக்குதல் 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கணினிக் குழுவின் மாநாட்டில் விளக்கப்பட்டதை அடுத்து, 2012 ஜனவரியில் வந்த 5.3.9 பதிப்பில் இது சேர்ந்தது. 60 மாணவர், 6 பாடம், பாடத்துக்கு அகமதிப்பீடு, எழுத்துத் தேர்வு, வருகை என 3 கட்டம் என்று ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டால் மொத்தம் 1080 உள்ளீடு. 55 மாணவர்வரை முழுதாக ஏறும், 56-ஆம் மாணவருக்குப் பாதியில் நின்றுவிடும், கடைசி நால்வர் வெறுமை. 50 பேர் உள்ள வகுப்பின் ஆசிரியருக்கு 900 உள்ளீடுதான் என்பதால் பிழையே தெரியாது. பிஎச்பி தன் பிழைப் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதும், திரையில் எதுவும் வராது. மொத்த அளவு 8 மெகாபைட் என்ற இயல்பு வரம்பைத் தாண்டினாலோ ஒரு புலம்கூட எஞ்சாது. படிவம் முழுவதும் காலியாக வந்ததுபோல் நிரலுக்குத் தோன்றும். மிட்ம்ப்ராக்ஸி இவற்றுக்குக் காரணம் சொல்லாது. 1080-உம் வந்து சேர்ந்தன என்று மட்டும் காட்டும், அதன் பிறகு எங்கே தேடக் கூடாது என்பதில் ஐயம் இருக்காது.

ஜாவா உலகில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. டாம்கேட் என்ற ஜாவா சர்வர் கோரிக்கைப் பொருள்களை வேலை முடிந்ததும் துடைத்து அடுத்த பயனருக்கு மறுபடி பயன்படுத்துகிறது. மின்னஞ்சல் அனுப்பவோ பதிவேடு எழுதவோ ஒரு பின்னணி இழை (தனியே இணையாக ஓடும் நிரல் பகுதி) அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தால், அடுத்தவருடைய கோரிக்கையின் புலங்கள் அவற்றை நிரல் வாசிப்பதற்கு முன்பே குலைந்துபோகலாம். கூட்டம் அதிகமான நேரத்தில் மட்டும் வரும், தனியாகச் சோதித்தால் வரவே வராது. இங்கும் வாசலில் உள்ள பதிவு சுத்தமாக இருக்கும். அது சுத்தமாக இருப்பதைக் காட்டித்தான் ஒரு குழுவைத் தன் நிரலைத் திருப்பிப் பார்க்கச் சம்மதிக்க வைக்க முடிகிறது. கருவியின் விலை பூச்சியம் என்றாலும் இந்த ஒரு பயனுக்காகக் காசு கொடுத்தே வாங்கியிருப்பேன்.

இனி அது கைவிடும் இடம். இயல்பான அமைப்பில் மிட்ம்ப்ராக்ஸி ஒரு கோரிக்கையை முழுதாக வாங்கிச் சேர்த்துவைத்த பிறகுதான் சர்வருக்கு அனுப்புகிறது. அதோடு உலாவியின் இணைப்பு கருவியிடமே முடிந்துவிடுகிறது. சர்வருக்குப் போவது கருவி தானே திறக்கும் வேறோர் இணைப்பு. ஆகவே நேரத்தையும் இணைப்பையும் பொறுத்த பிழைகள், கருவியை நடுவில் வைத்ததும் மாயமாகிவிடும். மெதுவான கைபேசி இணைப்பில் பாதி உடல் வந்த நிலையில் சர்வர் காத்திருப்பு முடிந்து கதவைச் சாத்துவதும், திறந்து வைத்திருந்த பழைய இணைப்பைச் சர்வர் மூடும் அதே கணத்தில் உலாவி அதில் போஸ்ட் அனுப்புவதும் இந்த வகை.

இவை கற்பனைச் சிக்கல்களும் அல்ல. 2004-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்திற்குப் பின், சர்வர் இணைப்பை மூடியிருந்தால் விண்டோஸின் வின்இநெட் நூலகம் போஸ்ட்டை மறுபடி அனுப்பும்போது தலைப்பை மட்டும் அனுப்பி உடலை விட்டுவிட்டது; மைக்ரோசாஃப்ட் அதற்கெனத் தனித் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸின் என்டிஎல்எம் உள்நுழைவு முறை கொண்ட அலுவலகத் தளங்களில், சர்வர் எப்படியும் அடையாளம் கேட்கும் என்று எண்ணி அதே உலாவி முதல் போஸ்ட்டை வெற்று உடலோடு அனுப்பும் வழக்கமும் இருந்தது. தளத்தின் அந்தப் பகுதி அடையாளம் கேட்காததாக இருந்துவிட்டால் வெற்றுப் படிவமே பதிவாகும். என்டிஎல்எம் இணைப்பையே சார்ந்து இயங்குவதால், நடுவில் ப்ராக்ஸியை வைப்பது நோயாளியையே மாற்றிவிடுகிறது. மிட்ம்ப்ராக்ஸியைப் போட்டதும் பிழை நின்றுவிட்டால் தீர்ந்துவிட்டது என்று மகிழாமல், நேரத்தையும் இணைப்பையும் சந்தேகித்து, இடையில் நிற்காமல் நெட்வொர்க்கில் போவதை அப்படியே பதிவு செய்யும் வயர்ஷார்க்குக்குப் போக வேண்டும். பெரிய உடல்களைச் சேர்த்துவைக்காமல் அப்படியே ஓடவிடும் ஒரு தெரிவு மிட்ம்ப்ராக்ஸியிலும் உண்டு, ஆனால் அதை இயக்கினால் உடலைப் பட்டியலில் பார்க்கும் வசதி இயல்பாகப் போய்விடும்.

இதே வேலையைச் செய்யும் மற்றக் கருவிகளோடு ஒப்பிட வேண்டுமானால் ஃபிட்லர் கிளாசிக் விண்டோஸில் மட்டும் ஓடும், ஆனால் புதியவருக்கு மிட்ம்ப்ராக்ஸியைவிட இணக்கமானது. சார்லஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. மிட்ம்ப்ராக்ஸி இரண்டையும் தாண்டி நிற்பது பைத்தானில் சில வரிகள் எழுதி அதன் போக்கை மாற்ற முடிவதில்தான். முறை போஸ்ட்டாக இருந்து உடல் காலியாக வந்தாலோ, படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு புலம் இல்லாமல் வந்தாலோ அதை மட்டும் நேரத்தோடு எழுதிவை என்று சொல்லிவிட்டால், எப்போதோ வரும் பிழைக்காக ஆளே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான், நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வடிகட்டிக் குறிகளை மனத்தில் இருத்திக்கொள்வது மட்டும் முதலில் சலிப்பூட்டும்.

அந்தப் பைத்தான் வரிகளை எழுதும்போதே கடவுச்சொல், ஆதார் எண் போன்ற புலங்களை மறைத்துச் சேமிக்கவும் எழுதிவிட வேண்டும். சேமித்த கோப்பில் எல்லாமே பச்சையாக இருக்கும், பூட்டு எதுவும் கிடையாது. அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து "இதைப் பாருங்கள்" என்று அனுப்பும் பழக்கம் நம் அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கிறது. நிரலைத் திருத்திய பின் சேமித்த கோரிக்கையை மறுபடி அனுப்பிச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது, மிகவும் உதவும்; போலிக் கோரிக்கையைத் தடுக்கும் டோக்கன் படிவத்தில் இருந்தால் பழைய டோக்கனோடு போகும் கோரிக்கையைச் சர்வர் தள்ளிவிடும் என்பதால், அனுப்புமுன் புதிய டோக்கனை அதில் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து கருவியை நீக்கும்போது உலாவியின் ப்ராக்ஸி அமைப்பைப் பழையபடி ஆக்குவதை எவரும் மறப்பதில்லை, ஏனெனில் இணையமே வராது. நம்பச் சொல்லி நிறுவிய சான்றிதழைத்தான் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதையும் பயனரின் கணினியிலிருந்து நீக்கிவிட்டே எழுந்து வர வேண்டும்.